ஓசூரில் ஃபேன் இல்லாத காலம்: ஓர் ஆய்வு

ஓசூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் ஒரு வாக்கியம் நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது: "அப்பெல்லாம் ஓசூர்ல யார் வீட்லயும் ஃபேனே கிடையாது தம்பி." சொல்பவருக்கு அறுபது தாண்டியிருக்கும். கேட்பவரின் கழுத்தில் கம்பெனி அட்டை, கண் சாலையில். இவ்வாக்கியத்தின் தோற்றம், பரவல், ஆயுள் ஆகியவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உண்மைத்தன்மை. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர்; 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய ஊர். ஆகவே குளிர் பொய்யில்லை. ஆனால் 'அப்பெல்லாம்' என்பது எப்போது? 1878-இல் பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தபோது அவர் வீட்டில் ஃபேன் இல்லை என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. மின்விசிறியே 1880-களில்தான் அமெரிக்காவில் உருவானது. பெங்களூருத் தெருவில் மின்விளக்கு எரிந்ததே 1905-இல்தான். ஃபேன் தேவைப்படவில்லை என்பது ஒன்று, ஃபேனே இல்லை என்பது வேறு. வாக்கியம் இரண்டையும் ஒரே கிளாஸில் ஆற்றிக் கொடுத்துவிடுகிறது.

பரவலைப் பார்த்தால், ஜூஜுவாடியைக் கடந்து அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் அதே வாக்கியம் கன்னடத்தில் கேட்கும். ஓசூர் இருந்த இடத்தில் பெங்களூரு இருக்கும், அவ்வளவுதான். எல்லையில் எந்தச் சோதனைச்சாவடியும் இதை இதுவரை நிறுத்தியதாகத் தகவல் இல்லை.

பொற்காலம் எப்போது முடிந்தது என்பதில்தான் சிக்கல். மூத்தவர்களைக் கேட்டால் 1970-களில் சிப்காட் வந்ததோடு சரி என்பார்கள். அடுத்த தலைமுறைக்கோ சிப்காட்டே பொற்காலம்: 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது, அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட் வந்தது, வேலைக்குச் சேர்ந்தவனுக்குப் பெண் கிடைத்தது. 2019-இல் ஓசூர் மாநகராட்சி ஆனதைக் குறை சொல்பவர்களும் உண்டு. போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் ஓலாவின் மின்ஸ்கூட்டர் ஆலை 2021-இல் முளைத்தது. இப்போது இருபத்தைந்து வயதுப் பையன்கள் "முன்னெல்லாம் வாடகை எவ்ளோ கம்மி ணா" என்று பெருமூச்சு விடுகிறார்கள். ஏக்கம் பிடிக்கும் வயது வேகமாகக் குறைந்துவருகிறது. இதைப் பொதுச் சுகாதாரத் துறை கவனிக்கலாம்.

பழம்பெருமை என்று வந்தால் இந்த மாவட்டத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்ல ஒரு வாய்ப்பும் வந்தது. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டப்பேரவையிலேயே அறிவித்தார்கள். பெருமை மூன்றாண்டுகூடத் தாங்கவில்லை. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதைவிட ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பின்னால் போய்விட்டது. நிகழ்காலத்தில் போட்டி இருப்பது தெரிந்ததே; கடந்த காலத்திலும் இடம்பிடிக்க இப்படித் தள்ளுமுள்ளு என்றால் மனிதன் எங்கே போவான்?

இனி ஆயுள். வாக்கியம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதற்கும் சொல்பவரின் ஞாபகசக்திக்கும் தொடர்பே இல்லை. அதைத் தீர்மானிப்பது கம்பெனி பஸ். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ் சரியான நேரத்துக்கு வந்தால் ஏரி நிறைய தண்ணீர் இருந்த கதையோடு முடியும். பஸ் தாமதமானால் தாத்தா கம்பளி போர்த்திக்கொண்டு படுத்த சித்திரை மாதம் வரை போகும். பஸ் முனையில் திரும்பியதும் கேட்பவர் கிளாஸைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, "சாயந்திரம் பேசலாம் ணா" என்று ஓடுகிறார். ஐந்து நிமிடம் தாமதமாகப் பஞ்ச் அடித்தால் எந்தக் குளிர்காலமும் சம்பளத்தை மீட்டுத் தராது. இன்னொன்றும் உண்டு. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனின் கடிகாரங்கள் இந்த ஊரில்தான் செய்யப்படுகின்றன. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அப்படி ஒன்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு பழங்கதை கேட்பவரின் அவஸ்தை சாதாரணமானதல்ல.

களத்தில் தெரிந்த மற்றொன்று: டீக்கடையில் நான்கு பெஞ்ச் இருந்தாலும் பெரியவர் சுவர் ஃபேனுக்கு நேர் கீழேதான் உட்காருகிறார். அது சுழலும் திசைக்கேற்பத் தோளில் இருக்கும் துண்டையும் சரிசெய்துகொள்கிறார். இதைச் சுட்டிக்காட்டினால், "இப்ப வெயில் அப்படி இருக்குதுப்பா" என்கிறார். வாதத்தில் ஓட்டை இல்லை.

ஓய்வு பெற்றவருக்குத்தான் பஸ் இல்லையே, அவர் வாக்கியத்தை யார் முடித்துவைப்பது என்று கேட்கலாம். கோட்பாட்டுக்கு இது பெரிய அச்சுறுத்தலாகத்தான் முதலில் தோன்றியது. மாலை நான்கு மணிக்கு விடை கிடைத்தது. ஸ்கூல் வேன் ஹாரன் அடித்ததும் பெரியவர் 1980-ஐப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்; பேத்தியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸைக் குலுக்கிப் பார்த்து, "மறுபடியும் சாப்பிடலியா?" என்று ஆரம்பித்தார். பள்ளி விடுமுறையில் வாக்கியத்தின் நீளம் என்ன ஆகிறது என்பதை அறிய ஒரு முழு மே மாதமும் டீச் செலவுக்கு மானியமும் தேவைப்படும்.