பிழை சுருங்காமை: மாதிரி விமானக் கலையில் அளத்தல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953இல் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தை 1:72 அளவுக்குச் சுருக்கி விற்பனைக்கு விட்டது. நீளம் 72இல் ஒன்றானால் பரப்பு 5,184இல் ஒன்றாகும்; கன அளவு 3,73,248இல் ஒன்றாகும். நிஜ விமானத்துக்கு 20 லிட்டர் பெயிண்ட் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், மாதிரிக்கு 4 மில்லிகூட வேண்டாம். மாதிரிக்குக் கீழே காட்டும் கடலில் ஒரு கன மீட்டரை, ஹார்டனர் கலந்தால் இறுகும் எபாக்சி ரெசினில் வார்க்க 2.7 மில்லி போதும். விமானம் சுருங்கிற்று, கடல் சுருங்கிற்று, விமானியின் மீசையும் சுருங்கிற்று. ஆனால் அளப்பவரின் கைநடுக்கமும், கிண்ணத்தின் சுவரில் ஒட்டும் படலமும், தராசின் கடைசி இலக்கமும் சுருங்க மறுத்துவிட்டன. பிழை என்றைக்கும் 1:1 அளவில்தான் வருகிறது. எனவே கொஞ்சத்தைத் துல்லியமாக அளக்க ஒரே வழி நிறைய அளப்பதே என்பது இக்கட்டுரையின் துணிபு. சிக்கனக்காரர்களுக்கு இது கசக்கும். அவர்கள் எழுப்பக்கூடிய தடைகளைப் பழைய உரையாசிரியர் முறையிலேயே எடுத்துக்கொண்டு விடை சொல்வோம்.

முதல் தடை துளிக் கட்சியினருடையது. ‘ரெசின் பத்துத் துளி, ஹார்டனர் ஐந்து துளி, எண்ணத் தெரிந்தவருக்குத் தராசு எதற்கு?’ எனின், அற்றன்று. துளியின் எடையைத் தீர்மானிப்பவை குழாய் முனையின் அகலமும் திரவத்தின் பரப்பு இழுவிசையும் என்று 1864இலேயே தாமஸ் டேட் காட்டிவிட்டார். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். பெயிண்டில் தின்னராகப் பலர் ஊற்றும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு அது ஏறத்தாழ 22தான். ஆக, ஒரே டிராப்பரிலிருந்து விழும் ஆல்கஹால் துளி தண்ணீர்த் துளியின் மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும். ஐயமுள்ளோர் ஆஸ்பத்திரி டிரிப் குழாயைப் பார்க்கலாம். பெரியவர்களுக்கான ஒருவகைக் குழாயில் 20 துளி ஒரு மில்லி. குழந்தைகளுக்கான நுண்துளிக் குழாயில் 60 துளி ஒரு மில்லி. உள்ளே ஓடுவது அதே சலைன். துளியை அலகாகக் கொள்வது தூக்கணாங்குருவிக் கூட்டைப் படியாகக் கொண்டு நெல் அளப்பதற்கு ஒப்பாகும்: கூடு உண்மை, குருவி உண்மை, கணக்கு மட்டும் பொய்.

‘ஊசியில்லாத சிரிஞ்சு உண்டே’ என்பது அடுத்த தடை. ஒரு மில்லி சிரிஞ்சில் 0.01 மில்லிக்கு ஒரு கோடு இருப்பது உண்மைதான். கெட்டியான ரெசினில் புகுந்த காற்றுக்குமிழி மேலே ஏறிவராது, கோடுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துகொண்டு தன்னையும் ரெசினாகக் கணக்கெழுதச் சொல்லும் என்பதும் உண்மை. சில தின்னர்கள் உலக்கையின் ரப்பரை ஊதவைத்துவிடும். மேலும் இன்சுலின் சிரிஞ்சை எடுப்போர், அதில் உள்ளவை மில்லி அல்ல, யூனிட் என்பதை மறக்கக் கூடாது. 40 யூனிட் ஒரு மில்லியாகும் சிரிஞ்சும் உண்டு, 100 யூனிட் ஒரு மில்லியாகும் சிரிஞ்சும் உண்டு.

இனித் தராசு. 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு மலிவாகவே கிடைக்கிறது. அதன் கடைசி இலக்கம் இரண்டு மூன்று எண் இங்குமங்கும் ஆடும். எபாக்சியில் கன அளவில் 2:1 என்று கலக்கும் வகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரெசினின் அடர்த்தி 1.15, ஹார்டனருடையது 0.95 என்றால், எடையில் அந்த விகிதம் 100:41 ஆகிவிடும். இதை உணராமல் எடையிலும் 2:1 என்று போட்டவர், ஹார்டனரை ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஊற்றியிருப்பார். சரியாகப் போட்டாலும், மொத்தம் ஒரு கிராம் கலப்பவருக்கு ஹார்டனர் 0.29 கிராம், தராசு 0.03 தவறினால் பிழை பத்து விழுக்காடு. பத்து கிராம் கலப்பவருக்கோ அதே தராசு, அதே தவறு, ஒரு விழுக்காடு. போதாக்குறைக்கு, சில தராசுகள் சிறு மாற்றத்தைக் காற்றசைவு என்று எண்ணித் தாமே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். சொட்டுச் சொட்டாக விடுபவரின் சொட்டுகள் கணக்கில் ஏறாமலே கிண்ணத்தில் விழும். கஞ்சத்தனத்தைத் தண்டிக்க ஒரு கருவியே செய்தது போலிருக்கிறது.

‘ஹார்டனர் கொஞ்சம் கூடினால் சீக்கிரம் இறுகும், நல்லதுதானே’ என்பாரும் உளர். பாலியெஸ்டர் ரெசினில் இதற்கு ஓரளவு இடமுண்டு. அங்கே நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சேர்ப்பது வினையைத் தொடங்கிவைக்கும் பொருள். எபாக்சியில் ஹார்டனரே வலைப்பின்னலின் ஒரு பாதி. இணை கிடைக்காத மூலக்கூறுகள் போக இடமின்றி உள்ளேயே தங்கி, கடலைப் பிசுபிசுப்பாக்கிவிடும். அந்தக் கடலில் ஒட்டிய தூசியை எந்தப் பேரரசும் அகற்றியதில்லை.

வலுவான தடை ஒன்று உண்டு. அதை மரியாதையோடு ஏற்கிறோம். எபாக்சி இறுகும்போது வெப்பம் விடும். நிறையக் கலந்தால் கிண்ணம் சுட்டு, வார்ப்பதற்குள் கட்டியாகிவிடும். ஆனால் இந்த ஆபத்து ஆழமான கிண்ணத்தில் நூறு, இருநூறு கிராம் கலப்போருக்கு உரியது. நாம் கேட்பது பத்து கிராம். அதையும் அகலமான தட்டில் பரப்பிவிட்டால் சூடு தங்காது. ‘மீதி வீணாகுமே’ எனின், ஆகாது. மீதி கிண்ணத்திலேயே இறுகட்டும். மாதிரியை விரலால் தொட்டுக் கைரேகை பதிப்பதற்குப் பதில் கிண்ணத்தைத் தொட்டுப் பார்க்கலாம். எஞ்சிய ரெசினுக்குச் சாட்சி சொல்லும் உத்தியோகம் கிடைக்கிறது.

பெயிண்டுக்குக் கண்ணே போதும் என்பதை ஒரு கலவைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளலாம். அதே சாம்பல் நிறம் மறுவாரமும் வேண்டுமென்றால் கண் கைவிடும். பல அக்ரிலிக் பெயிண்டுகள் காய்ந்தபின் ஈரத்தில் இருந்ததைவிட அடர்ந்து தெரிவதால் ஒப்பிடவும் வழியில்லை. பாதி இறக்கையில் கலவை தீர்ந்தவர்களிடம் மேல்விவரம் கேட்டறிக. இதில் கருப்புதான் கொடுமை. ஐந்து கிராம் வெள்ளையில் 0.01 கிராம் கருப்பு வேண்டுமென்றால் அந்த அளவே தராசின் பிழைக்குள் அடங்கிவிடுகிறது. ஆய்வுக்கூடங்களில் செய்வதுபோல் முதலில் தாய்க்கலவை செய்க: 0.2 கிராம் கருப்பு, 9.8 கிராம் வெள்ளை. அதில் அரை கிராம் எடுத்தால் வேண்டிய கருப்பு அதற்குள் இருக்கும். பிழையும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்தாக இறங்கிவிடும். இங்கும் வென்றது நிறைய அளந்தவரே.

ஆகவே ரெசின் வாங்குவோருக்கு ஒரு விண்ணப்பம்: விகிதம் எடைக்கா கன அளவுக்கா என்று புட்டியின் மேலோ கூட வரும் தாளிலோ சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எழுத்தும் 1:72 அளவில்தான் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தாவது, மூடியைத் திறக்கும் முன்பே படித்துவிடுங்கள்.