கொல்லைத் தோட்டம்: கேள்வி-பதில்

கே: கத்தரிச் செடியில் நுனி மட்டும் தலை தொங்குகிறது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லையே? (நெட்டப்பாக்கம்)

ப: தாகம் எடுத்த செடி முழுசாக வாடும். நுனி மட்டும் தொங்கினால் உள்ளே குடியிருப்பவர் உண்டு: தண்டு, காய் துளைப்பான் புழு. முட்டையிலிருந்து வெளிவந்ததும் அது இளந்தண்டைக் குடைந்து உள்ளே போய்விடும். அதன் பிறகு வெளியே தெளிக்கும் மருந்து அதன் மேல் படுவதே இல்லை. வாடிய இடத்துக்குச் சற்றுக் கீழே கிள்ளி, தண்டைப் பிளந்தால் வெளிர் ரோஜா நிறப் புழு எச்சத்தோடு நெளியும். கிள்ளிய நுனியையும் ஓட்டை விழுந்த காயையும் சோப்புத் தண்ணீரில் போடுவதே சரி. எருக்குழியில் எறிந்தால் புழு சருகுக்குள் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக அதே செடிக்குத் திரும்பும்.

கே: பப்பாளியிலும் செம்பருத்தியிலும் வெள்ளை மாவு. விடாமல் மருந்தடித்தும் போகவில்லை. (மடுகரை)

ப: விடாமல் அடித்ததுதான் கெடுதல். மாவுப்பூச்சியின் உடலை மூடியிருக்கும் மெழுகு, மருந்தை ஒட்டவிடாது. பூச்சி தப்பிக்கிறது, அதைத் தின்ன வந்த பொறிவண்டும் குளவியும் சாகின்றன.

பப்பாளி மாவுப்பூச்சியின் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். இந்தியாவில் 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. இயற்கை எதிரிகளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததால் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கண்டதையெல்லாம் மொய்த்தது. எத்தனையோ மருந்துகள் தெளித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவி இனங்கள் பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டன. அவற்றில் ‘அசெரோபேகஸ் பப்பாயே’ என்ற இனம் தமிழகத் தோட்டங்களில் நன்றாக வேரூன்றியது. கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத அந்தக் குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்து தின்று வளரும். மருந்துக்கு மசியாத பூச்சி ஓரிரு ஆண்டுகளில் அடங்கிப்போனது. இது போற்ற வேண்டிய வெற்றி.

ஆகவே முதலில் மாவை ஒரு குச்சியால் விலக்கிப் பார்க்க வேண்டும். உப்பிப் பழுப்பேறிய உடல்கள் தெரிந்தால் குளவி ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. தெளிப்பானைக் கீழே வைத்துவிடலாம். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். எறும்பேறும் வழியை அடைத்து, மொய்த்த கிளையை வெட்டி அப்புறப்படுத்தினால் குளவிக்குப் பாதி வேலை மிச்சம். பூச்சி எதுவென்று பிடிபடாவிட்டால், கிளையை உறையிலிட்டு குரும்பாப்பேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம்.

கே: அடைமழை விட்டு வெயில் அடித்த மறுநாளே மிளகாய் துவண்டுவிட்டது. ஈரம் இருக்கும்போது ஏன்? (பாகூர்)

ப: ஈரம் மிகுந்ததால்தான். நீர் தேங்கிய மண்ணில் காற்று இருக்காது. மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்து தென்பெண்ணையும் பெருகி பாகூர் பக்கத்து வயல்களை மூழ்கடித்தது. அத்தகைய மழைக்குப் பின் முதல் வேலை வாய்க்கால் வெட்டி நீரை வடிப்பது. பிறகு வேர்ப்பகுதியை லேசாகக் கொத்திவிட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து தூரில் ஊற்றினால் அழுகல் பரவாது. அடுத்த ஐப்பசிக்கு முன் பாத்தியை அரை அடி உயர்த்திவிடுவது நல்லது.

கே: வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சள். என்ன உரம் போடலாம்? (ஏம்பலம்)

ப: உரத்தால் தீராது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய் இது. வந்த செடிக்கு வைத்தியம் இல்லை. அதைப் பிடுங்கிவிட்டு மற்றவற்றைக் காக்க வேண்டும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈ வந்து ஒட்டும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்பு சேர்த்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம்.

கே: பாகல் கோணிக்கொண்டு பழுத்து உதிர்கிறதே? (நெட்டப்பாக்கம்)

ப: பழ ஈ பிஞ்சைக் குத்தி முட்டையிட்டிருக்கிறது. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் காகிதப் பையால் மூட வேண்டும். உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்க வேண்டும். புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகிறது. பந்தலடியைக் கிளறிவிட்டால் மீதியைக் கோழி பார்த்துக்கொள்ளும்.