லிஃப்ட் குடியிருப்போருக்கு மட்டும்

2020 மார்ச் 22, ஞாயிறு மாலை 5 மணி. தட்டு, தாம்பாளம், பூஜை மணி எல்லாம் எங்கள் ஃபிளாட் பால்கனிகளுக்கு வந்துவிட்டன. கொரோனாவோடு மல்லுக்கட்டும் மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லும் நேரம். எங்கள் செகரட்டரி தட்டிய வேகத்தில் எவர்சில்வர் தட்டு நெளிந்தே போனது.

அந்த நாட்களில் அவர் கர்ணன். அண்டாவில் கபசுரக் குடிநீர் காய்ச்சி வீடு வீடாக ஊற்றினார். நாலாம் மாடியில் தனியாக இருந்த பாட்டிக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தார். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ரேஷன் கடையில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றோம். வெயில் ஏறியதும் செருப்பை வட்டத்தில் விட்டுவிட்டு நிழலுக்கு ஒதுங்கினோம். நிழலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம் என்பது வேறு விஷயம், செருப்புகள் இடைவெளி காத்தன. (மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் என்று மாநிலம் முழுக்க அபராதம் வந்தது செப்டம்பரில்தான். அதுவரை பயமே போலீஸ்.)

முதல் மாடியில் ஒரு நர்ஸ் குடியிருந்தார். தட்டு நெளிந்தது அவருக்காகவும்தான். ஏப்ரலில் செகரட்டரி அவரிடம், "லிஃப்ட் வேணாம்மா, படியில போயிடுங்க" என்றார். பத்து நாள் கழித்து, "வேற வீடு பாத்துக்கங்க, வயசானவங்க இருக்கோம்ல" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அதே மாதம் 19-ம் தேதி இரவு, கொரோனாவில் இறந்த டாக்டர் ஒருவரின் உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸை சென்னை வேலங்காடு மயானத்தில் கல்லும் கட்டையுமாக ஒரு கூட்டம் தாக்கியது. கடைசியில் சக டாக்டர் ஒருவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது: அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை.

சாவு நினைப்பு மனிதரை என்ன செய்யும் என்று அமெரிக்க உளவியலாளர்கள் முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2002-ல் வெளியான ஆய்வில், சவ அடக்க நிலையத்துக்கு எதிரே நிறுத்திக் கேட்டபோது ஜனங்களுக்குத் தர்ம ஸ்தாபனங்கள் மேல் தனி அபிமானம் வந்தது. 1989-ல் வெளியானது நீதிபதிகளைப் பற்றியது. பாலியல் தொழில் வழக்கு ஒன்றைக் கொடுத்து ஜாமீன் தொகை கேட்டார்கள். தன் சாவைப் பற்றி எழுதிவிட்டு வந்தவர்கள் சராசரியாக 455 டாலர் என்றார்கள், எழுதாதவர்கள் 50. எங்கள் செகரட்டரி ஒருவரைப் பார்த்திருந்தாலே இரண்டு ஆய்வின் செலவும் மிச்சமாகியிருக்கும்.

இப்போது அண்டா மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் பிடிக்கிறது. பாட்டிக்கு மாத்திரை ஆப்பில் வருகிறது. கொண்டுவரும் பையன் நாலு மாடியும் படியேறுகிறான். லிஃப்ட் குடியிருப்போருக்கு மட்டும் என்று போர்டு தொங்குகிறது. ஏன் சார் என்று செகரட்டரியைக் கேட்டேன். லிஃப்டுக்குள் கையை மறைக்காமல் ஒரு தும்மல் போட்டுவிட்டு, "எல்லாம் ஹைஜீன்தான் சார்" என்றார்.