முங்குதலும் பதவியும்: செட்டிநாட்டு ஊருணிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

சொகுசுக் கப்பலில் சக ஊழியர்களோடு போய்ப் பனிநீரில் விழுந்து எழுவது மேல்நாட்டில் இப்போது மரியாதைக்குரிய வழக்கம். அண்டார்டிகா செல்லும் கப்பல்களில் பயணியின் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கடலில் குதிக்கவிடுகிறார்கள். கடல்நீர் உறைவதே பூச்சியத்துக்குக் கீழே 1.8 டிகிரியில்தான் என்பதால், தண்ணீருக்கு முன்பாகக் குதித்தவர் உறைந்துபோக எல்லா வசதியும் அங்கே உண்டு. இத்துறைக்குக் காரைக்குடி வட்டாரம் ஆற்றிய தொண்டை எந்த அறிஞரும் கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

காரைக்குடிக்குக் கப்பல் ஏது என்று கேட்பவர் செட்டிநாட்டை அறியாதவர். வட்டிக்கடைக்கு மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆள் சேர்த்து, கப்பலேற்றிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் அனுப்பிய பூமி இது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்ற கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே 1970களின் தொடக்கம் வரை ஓடியது. ஆனால் அதில் காசுள்ளவர் கேபினில் படுத்தார். இல்லாதவர் டெக்கில் பாய் விரித்தார். சுற்றிலும் அத்தனை தண்ணீர் இருந்தும் மேலாளும் பெட்டியடியும் சேர்ந்து முங்கியதாகக் குறிப்பில்லை. ஆகவே சக ஊழியர் முங்கலுக்குக் கப்பல் இன்றியமையாதது அன்று என முதல் முடிவுக்கு வருகிறோம். ஆய்வை ஊருணிக்கு மாற்றுகிறோம்.

செம்பூராங்கல் படிகட்டிய இந்த ஊருணிகள் இருவகை. குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைத்தாலே ஊர் கூடிவிடும். குளிக்கிற ஊருணி வேறு. வள்ளுவர் ஊருணியைப் பேரறிவாளன் செல்வத்துக்கு உவமையாக்கினாரே தவிர, மார்கழி விடியலில் அதில் இறங்குவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை அனுபவம் உள்ளவரின் மௌனமாகவே கொள்ள வேண்டும்.

இங்கே மார்கழியிலும் விடிகாலை வெப்பம் இருபது டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அண்டார்டிகாக்காரருக்கு அது கோடை. தவிர, பகலில் வாங்கிய சூட்டைத் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் விடாது. அந்நேரத்தில் காற்றைவிட ஊருணி நீர் வெதுவெதுப்பாகக்கூட இருக்கும். கிணற்று நீர் இன்னும் சுகம். காரைக்குடியில் கிடைக்கும் ஆகக் குளிர்ந்த தண்ணீர் மொட்டைமாடியில் பனி குடித்து நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில்தான் இருக்கிறது. ஆக, குளிர் என்பது இறங்குவதற்கு முன் படியில் நிற்கும்போதும், ஏறிய பின் ஈர உடம்பில் காற்று படும்போதும் உண்டாவது. முங்கியிருக்கும் நேரம் உண்மையில் ஓய்வு. ஆண்டாள் இதை அறிந்திருக்க வேண்டும். திருப்பாவை முப்பது பாசுரங்களில் ஆறு முதல் பதினைந்து வரை பத்தும் தோழியரைப் படுக்கையிலிருந்து எழுப்புவதற்கே செலவாகின்றன. கூட்டுக் குளியலில் மூன்றில் ஒரு பங்கு வேலை எழுப்புவதுதான் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை.

சக ஊழியர் முங்கலின் செவ்விய வடிவம் கார்த்திகை முதல் தேதி தொடங்குகிறது. அன்று ஒரு வங்கிக் கிளையிலோ மொத்தக் கடையிலோ பத்துப்பேர் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். ஒரு மண்டலம், இருவேளையும் பச்சைத்தண்ணீர் குளியல். இதில் குருசாமி யார் என்பது சம்பளப் பட்டியலைப் பார்த்து முடிவாவதில்லை. பல ஆண்டு மலைக்குப் போன டிரைவர் குருசாமி; போன மாதம் மாற்றலாகி வந்த மேனேஜர் கன்னிச்சாமி. விடியுமுன் ஊருணிப் படியில் டிரைவர் நிற்கிறார். மேனேஜர் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் படியில் காலை வைத்துப் பார்க்கிறார், எடுக்கிறார், வானிலை பற்றி ஏதோ சொல்கிறார்.

“பேசாம இறங்குங்க சாமி. யோசிச்சா குளிரும்.”

ஓர் உயரதிகாரியிடம் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேறெந்த நிர்வாக ஏற்பாட்டிலும் வழியில்லை. மேனேஜர் டிரைவரின் காலில் விழுந்து ஆசி வாங்குவதும் உண்டு. அலுவலகத்திலும் அந்த மண்டலம் முழுக்கப் பிரச்சினைதான்: தாமதமாக வருபவரைக் கடிய வேண்டும் என்றாலும் “ஏன் சாமி லேட்டு?” என்றுதான் கேட்க முடியும், அந்த ‘சாமி’ வந்து விழுந்ததும் கோபம் பாதி செத்துவிடுகிறது.

இதில் உடலியலும் உண்டு. திடீரென்று குளிர்நீர் பட்டால் உடம்பு தானாக மூச்சை உள்ளே இழுக்கும், நெஞ்சு படபடக்கும், ஓரிரு நிமிடத்தில் அடங்கும். அந்த முதல் இழுப்பில் தண்ணீரும் உள்ளே போனால்தான் ஆபத்து. வாய்விட்டுச் சரணம் சொல்லிக்கொண்டு இறங்குபவர் மூச்சை வெளியே விட்டாக வேண்டும். இதை மருத்துவர்கள் கண்டுபிடிக்கும் முன்பே குருசாமிகள் கண்டுபிடித்தார்கள் என்று நான் சாதிக்கவில்லை. மறுப்பவர் ஒருமுறை வாயை மூடிக்கொண்டு இறங்கிப் பார்க்கட்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. மாலையைக் கழற்றிய மறுநாளே டிரைவர் பழையபடி காரின் கதவைத் திறந்து நிற்கிறார். மேனேஜர் ‘சார்’ ஆகிவிடுகிறார். உண்மைதான். ஆனால் அடுத்த கார்த்திகையில் யார் யாரை இறக்கிவிடுவார் என்பது இருவருக்கும் நினைவிருக்கும். விடுப்பு விண்ணப்பங்கள் அந்த ஆண்டில் கொஞ்சம் இளகிய மனத்தோடு கையெழுத்தாவதை அலுவலகம் அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

2022இல் கார்டிலியா நிறுவனத்தின் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது முதல், ஊழியர்களைச் சொகுசுக் கப்பலில் அழைத்துப் போய் ஒற்றுமை வளர்க்கும் ஆசை நம் நிறுவனங்களுக்கும் வந்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்த்திகையில் செட்டிநாட்டுக்கு வாருங்கள். நகரத்துக்குள் இருக்கும் ஊருணிகளில் பல முங்கத் தகுதியாக இல்லை. சுற்றுக் கிராமங்களில் கேட்டு, குளிக்கிற ஊருணியாகப் பார்த்து இறங்குங்கள். பாசிப்படி வழுக்கும். நீச்சல் தெரியாதவர் இரண்டாம் படியோடு நிற்கவும். நெஞ்சுவலிக்காரர் டாக்டரைக் கேட்டுவிட்டு வரவும். நிர்வாக இயக்குநரை முதலில் இறக்குங்கள்.