டிரம்முக்குள் ஒரு நீலச் சட்டை

எனக்குப் பெண் பார்த்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டிருக்கிறார்கள். "கமர்ஷியல் போட்டோகிராபருங்க" என்றிருக்கிறார் பெரியப்பா. மாமியார் முதல் வார்த்தையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குள் 'மாப்பிள்ளை கமர்ஷியல் படம் எடுக்கிறவர்' என்று ஊரெல்லாம் பேச்சு. ஊர் பொள்ளாச்சி. தோப்புக்குத் தோப்பு ஷூட்டிங் பார்த்த ஊர். பந்தியில் ஒரு சித்தப்பா என் பக்கம் சாய்ந்து, "இப்ப எடுக்கறதுல ஹீரோ யாருங் மாப்ள?" என்றார்.

அந்த மாதம் நான் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு கிணற்று மோட்டார். "அஞ்சு எச்.பி.ங்க சித்தப்பா" என்றேன். அவர் அதற்குப் பிறகு பாயசம் கேட்கவில்லை.

1998-இல் கோவை கணபதியில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து ஸ்டூடியோ போட்டேன். இந்தப் பக்கம் எந்தச் சந்தில் திரும்பினாலும் யாராவது எதையாவது செய்து கொண்டிருப்பார்கள். பம்ப், கிரைண்டர், கொஞ்சம் தள்ளித் திருப்பூர் போனால் பனியன். செய்ததை விற்கக் கேட்லாக் வேண்டும், கேட்லாக்குக்குப் படம் வேண்டும். அந்த இடுக்கில்தான் என் பிழைப்பு. ஆனால் போர்டில் 'ஸ்டூடியோ' என்று இருப்பதால் இன்றைக்கும் வாரத்துக்கு நாலு பேர் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு மாடி ஏறி வருகிறார்கள். "அது எடுக்கறதில்லீங்க" என்றால் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்புறம் எதுக்குங்க இத்தன லைட்டு?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. மின்கட்டணம் கட்டும்போது நானும் கேட்டுக்கொள்வதுண்டு.

தொழிலதிபர்கள் கேட்கும் முதல் கேள்வி வேறு. "ஒரு போட்டோ எவ்வளவுங்க?" ஒரு மெஷினுக்கு வெளிச்சம் அமைக்கவே அரை நாள் ஆகும், அதற்குப் பிறகு கணினியில் ஒரு நாள் வேலை இருக்கிறது என்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்பார்கள். கோவைக்காரர்கள் யாரையும் பாதியில் மறிக்க மாட்டார்கள். முழுதும் கேட்டுவிட்டு, "எங்க வீதியில எட்டு காப்பி அறுவது ரூவாதானுங்க" என்பார்கள்.

ஃபிலிம் காலத்தில் இன்னொரு கூத்து. 120 ரோலில் என் கேமராவுக்குப் பத்தே படம். அதனால் முதலில் ஒரு போலராய்டு எடுத்து வெளிச்சம் சரியா என்று பார்த்துக்கொள்வோம். அது சோதனைப் படம்தான். வெளியே வந்த ஈரம் காய்வதற்குள் முதலாளி அதை வாங்கி, இரண்டு ஊது ஊதி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். "நல்லா வந்திருக்குங்க. இதே போதும்." அசல் படத்துக்கு அவரை மறுபடி உட்கார வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். 2008-இல் போலராய்டு நிறுவனம் இன்ஸ்டன்ட் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியபோது உலகமெங்கும் போட்டோகிராபர்கள் வருந்தினார்கள். நான் தேங்காய் உடைத்தேன்.

எங்கள் தொழிலில் மிகப் பெரிய வில்லன் எவர்சில்வர். அதிலும் வெட் கிரைண்டர். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடு வாங்கிய பொருள், ஊருக்கே பெருமை. எனக்கு மட்டும் கண்டம். அந்த டிரம் இருக்கிறதே, வளைந்த கண்ணாடி. அறையில் உள்ள அத்தனையும் அதில் தெரியும். லைட், ஸ்டாண்ட், ஜன்னல், டீ கொண்டுவரும் பையன், எல்லாவற்றுக்கும் நடுவில் தொந்தியோடு நான். 

அதனால் கிரைண்டரைச் சுற்றி பட்டர் பேப்பரால் ஒரு கூடாரம் கட்டுவோம். வெளிச்சத்தை அதன் வெளியிலிருந்து அடித்தால் டிரம்மில் வெள்ளை மட்டும் விழும். முழுக்க வெள்ளையானாலும் எவர்சில்வர் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும் என்பதால் ஓரங்களில் கறுப்பு அட்டையைக் கீற்றுக் கீற்றாக வெட்டி நிறுத்துவோம். அந்தக் கறுப்புக் கோடுதான் பார்க்கிறவருக்கு 'இது உலோகம்' என்று சொல்வது. பேப்பரில் ஓர் ஓட்டை போட்டு, லென்ஸை மட்டும் உள்ளே நீட்டி, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து அழுத்த வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், இத்தனை வருடமாக என் வேலை படம் எடுப்பது அல்ல. எடுக்கிற படத்தில் நான் தெரியாமல் பார்த்துக்கொள்வது.

ஆனால் முதலாளிகளுக்குப் படத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை. ஆவாரம்பாளையத்தில் ஒரு பெரியவர் ஷூட்டிங் நாளில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து கிரைண்டரின் பக்கத்திலேயே நின்றார். "தள்ளி நில்லுங்க" என்று சொல்ல வாயெடுத்தவன், டிரம்மைப் பார்த்து அப்படியே மூடிக்கொண்டேன். இடது பக்கம் இரண்டு மணி நேரமாக நான் தேடிக்கொண்டிருந்த மென்மையான வெள்ளை வெளிச்சம், அவர் வேட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது. "ஐயா, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க" என்றேன். நின்றார். ஒரு காப்பிகூடக் குடிக்காமல் மதியம் வரை நின்றார். அதற்குப் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம், "நான் இல்லாட்டி அந்தப் போட்டோவே வந்திருக்காதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது முழு உண்மை.

அடுத்து, "மாவு ஆட்டற மாதிரி ஒண்ணு" என்றார்கள். நாலு கிலோ உளுந்து ஊற வைத்து ஆட்டினோம். அந்தக் காலத்து ஹாலஜன் லைட்டின் சூட்டில் மாவு எனக்கு முன்னால் தயாராகிவிட்டது. நான் கோணம் பார்த்துக்கொண்டிருக்கையில் அது பொங்கி, டிரம் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது. அந்த வாரம் எங்கள் காம்பவுண்டில் ஆறு வீட்டிலும் தோசை.

எங்களுக்குப் பஞ்சாங்கமும் தனி. ஆடி பதினெட்டுக்குச் சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும் என்றால், அதற்கான படத்தை நாங்கள் எப்போது எடுத்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளி விளம்பரத்தை ஆடி வெயிலில் எடுப்போம், பொங்கல் விளம்பரத்தைத் தீபாவளி மழையில். ஒரு ஜவுளிக்கடைக்காக ஐப்பசியில் கரும்புக்கு அலைந்தோம். தோட்டத்தில் கருங்கரும்பு இன்னும் இளசு. கடைசியில் உக்கடத்தில் கரும்புச் சாறு பிழியும் வண்டிக்காரரிடம் பத்துக் கழி வாங்கி வந்து, தோகைக்குச் சோளத் தட்டு செருகி, பானை வைத்து, ஒரு குடும்பத்தையே சிரிக்க வைத்து எடுத்தோம். கடைக்காரர் பட்டுப் புடவையைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்க்கவில்லை. படத்தைக் கண்ணருகே கொண்டு போய், "இது ஆலைக் கரும்புங்களே" என்றார். பூர்வீகத்தில் விவசாயி. அன்றிரவு முழுக்க கணினியில் உட்கார்ந்து பச்சைக் கரும்பைக் கணு கணுவாகக் கறுப்பாக்கினேன். எந்தப் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் ஒரே ராத்திரியில் கருங்கரும்பு விளைவித்தவன் நான் ஒருவன்தான்.

படத்தை ஒப்புக்கொள்ளும் படலம் தனி இதிகாசம். முதலாளிக்குப் பிடித்தால் மகனுக்குப் பிடிக்காது. மகனுக்குப் பிடித்தால் மருமகள், "பின்னாடி வேற கலர் வெச்சுப் பாக்கலாமா அண்ணா?" என்பார். மூவருக்கும் பிடித்துவிட்டால் வாஸ்துக்காரர் வந்து, மெஷின் தெற்கு பார்த்திருக்கிறது என்பார். படத்துக்குள் ஏது தெற்கு? எனக்கும் தெரியவில்லை, இடம் வலம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். எழுத்தெல்லாம் இடவலம் மாறி வந்ததை யாரும் கவனிக்கும் முன் லோகோவை மட்டும் திருப்பி ஒட்டினேன். எல்லாம் முடிந்து பெரிய ஃபைலை அனுப்பினால், "திறக்க மாட்டேங்குதுங்க, வாட்ஸாப்புல போடுங்க" என்பார்கள். போட்டால், அது நசுக்கித் தம்மாத்துண்டாக்கிய படத்தை ஃபிளெக்ஸ் பேனரில் அடித்துவிட்டு, "உங்க கேமரா பழசாயிருச்சுங்களா?" என்பார்கள்.

போன மாதம் ஒரு இளைஞர், அதே ஆவாரம்பாளையத்துப் பெரியவரின் பேரன், ஏஐ-யில் போட்டு எடுத்த படத்தைக் காட்டினார். பளபளவென்று இருந்தது. டிரம்மில் யாருடைய தொந்தியும் தெரியவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். "அழகா இருக்குது கண்ணு. ஆனா கல்லு டிரம்முக்கு வெளிய இருக்குதே, மாவ எங்க ஆட்டறது?" என்றார். அந்த ஒரு கேள்வியில் என் வேலை இன்னும் ஒரு வருடத்துக்கு நிலைத்தது.

இனி, பணம். எங்கள் ஊரில் பணம் இல்லை என்பதைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். ஆறு மாதம் பாக்கி வைத்தாலும் ஒரு மரியாதைக் குறைவு இருக்காது. ஒரு கம்பெனியின் கணக்கர் எனக்குச் சொன்னதை வரிசையாக வைக்கிறேன். திங்கள், பேங்கில் கூட்டம். செவ்வாய், பணம் வெளியே போகக் கூடாது. புதன், பொன் கிடைத்தாலும் கிடைக்காத நாள். அப்படிப்பட்ட நாளை எனக்குச் செக் எழுதி வீணாக்க முடியாது. வெள்ளி, மகாலட்சுமி வாசல் தாண்ட மாட்டாள். சனி, கையெழுத்துப் போடுகிறவர் கோயிலுக்குப் போயிருப்பார். மிச்சம் வியாழன். வியாழனன்று போனால் ஒன்றரை மணி வரை அவர் சாப்பாட்டில் இருப்பார், ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகு காலம், மூன்றுக்கு மேல், "நேத்து வந்திருக்கக் கூடாதுங்களா?"

அரசாங்கத்துக்கு இந்தப் பஞ்சாங்கம் எதுவும் கிடையாது. பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டுவிட்டால், எனக்குக் காசு வந்ததோ இல்லையோ அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் நான் கட்டியாக வேண்டும். வராத பணத்துக்கு வரி கட்டுகிற சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்கு மேல் டிடிஎஸ். ஒரு கம்பெனி என்னைத் தொழில் வல்லுநர் என்று மதித்து 10 சதவீதம் பிடிக்கிறது. அடுத்த கம்பெனி காண்ட்ராக்ட்காரன் என்று 1 சதவீதம் பிடிக்கிறது. மரியாதை கூடக் கூடக் கைக்கு வருவது குறைகிறது.

சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. அதை என் ஆடிட்டர் படித்திருக்கிறார், நான் படித்திருக்கிறேன். மூன்றாவதாக யாரும் படித்ததாகத் தெரியவில்லை. 2024 ஏப்ரலில் வருமான வரியில் ஒரு திருத்தம் நடைமுறைக்கு வந்தது. சிறு தொழிலுக்கு உரிய நாளுக்குள் தராத பணத்தை, தரும்வரை செலவுக் கணக்கில் காட்ட முடியாது. மார்ச்சோடு முடிகிற வருடக் கணக்குக்கே அது பொருந்தும் என்பதால், ஏப்ரல் பிறக்கும் முன்பே, மார்ச் 30 அன்று காலை ஏழு மணிக்குப் போன். அதே கணக்கர். "சார், உங்க பில்லு ஒண்ணு பாக்கி இருக்குதுங்களே, அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க." அன்றைக்கு என்ன கிழமை, ராகு காலம் எப்போது என்று அவர் கேட்கவேயில்லை. நான் கனவோ என்று மனைவியைக் கிள்ளச் சொன்னேன். அவள் காத்திருந்தவள் போலக் கிள்ளினாள்.

பணம் வந்தால் படம் அவர்களுடையது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இதில் தெளிவு. ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி எடுக்கச் செய்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் முதல் உரிமையாளர். படத்தில் என் நிழல் இருக்கக் கூடாது, ஓரத்தில் என் பெயர் இருக்கக் கூடாது, சட்டப்படி நானும் இல்லை. துப்புரவாக மறைந்துபோவதற்கு இதைவிட நல்ல தொழில் துறவறம்தான்.

ஆனால் ஒரு தடவை தப்பு நடந்துவிட்டது. விஜயதசமிக்கு ஒரு கம்பெனியில் அவசரம். நல்ல நேரம் தாண்டுவதற்குள் முதல் படம் எடுத்தாக வேண்டும் என்றார்கள். முந்தின நாள் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனத்தைக் கேமராவில் துடைத்தேன், கறுப்புச் சட்டையை மறந்தேன். பூஜைக்கு எடுத்த நீலச் சட்டையோடு எடுத்த படம் ஒன்பதாம் பக்கத்தில் அச்சாகி வெளியே போய்விட்டது. இரண்டு லிட்டர் டேபிள் டாப் மாடல். டிரம்மின் வலது வளைவில் நூலிழை மாதிரி ஒரு நீலம். மேனேஜர் பார்க்கவில்லை, டிசைனர் பார்க்கவில்லை, முதலாளியும் பார்க்கவில்லை.

முதலாளியின் அம்மா பார்த்தார். எண்பது தாண்டியவர். கேட்லாக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "டிரம்முக்குள்ள யாரு தம்பி, நீதானே?" என்றார்.

"ஆமாங்க ஆத்தா."

"இளைச்ச மாதிரி இருக்கியே" என்றார். வளைவில் கோடாகத் தெரிந்தால் யாரும் இளைத்துத்தான் தெரிவார்கள். ஆனாலும் இத்தனை வருடத்தில் என் வேலையில் என்னை விசாரித்தவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடச் சொன்னார்கள். உட்கார்ந்து, துளித் துளியாக என்னை அழித்துக் கொடுத்தேன். அதற்கு ஐந்நூறு ரூபாய் பில் போட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.