குறிஞ்சித் திணையும் கொள்முதல் ரசீதும்

முனைவர் பட்டத்துக்குத் தலைப்புக் கிடைக்காமல் அலையும் மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தலைப்பு போய்விட்டது. ‘செஞ்சி வட்டாரத்தில் பாறை ஏறத் தொடங்குவோர் கருவிகளுக்குச் செய்யும் செலவு: ஆனந்தக் கோன் காலம் முதல் அக்கா மகன் காலம் வரை’ என்பது என் ஆய்வு. நெறியாளர் கிடையாது, நிதி உதவி கிடையாது. வாய்மொழித் தேர்வு மட்டும் அக்கா வீட்டுக் கூடத்தில் நடந்தது. அதில் நான் தேறவில்லை. காரணம் பின்னால் வரும்.

ஆய்வுக்களத்தை அறியாதவர் குறைவு. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். லாரியில் வந்த ஜல்லியைக் கொட்டிவிட்டு, பரப்ப ஆள் வராமல் நின்றுபோன வேலை மாதிரி மலைகள் கிடக்கும். ஜல்லி ஒவ்வொன்றும் வீட்டளவு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்றையும் இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டருக்கு மதில் ஓடுகிறது. ராஜகிரியின் உயரம் ஏறக்குறைய 800 அடி. மேலே போகப் படி இருக்கிறது. படி இருக்கும்போது பாறையில் ஏன் ஏற வேண்டும் என்ற கேள்வி இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதை அக்காவும் கேட்டாள்.

இலக்கண நிலையில் இச்செலவை எங்கே வைப்பது? மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்க. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று வேண்டும். முதற்பொருள் ஈண்டு நிலமும் பொழுதும் அன்று, போட்ட முதல். கருப்பொருள் ஷூ, ஹெல்மெட், கயிறு முதலாயின. உரிப்பொருளில்தான் சிக்கல். குறிஞ்சிக்கு உரியது புணர்தல். கருவி வாங்கப் போனவனுக்கு நேர்ந்ததோ, பணத்தைப் பிரிதல். பிரிதல் பாலைக்கு உரியது அன்றோ எனின், ஆம். சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்குச் செஞ்சிப் பாறையில் கை வைத்துப் பார்த்தவர் இதைத் திணைமயக்கம் என்று எளிதில் ஒப்புவர்.

இனி முதன்மைத் தரவு. அது ஒரு ரசீது. அக்கா மகனுக்குப் பெங்களூருவில் வேலை. கண்டீரவா ஸ்டேடியத்தில் உள்ள செயற்கைச் சுவரில் சில மாதம் தொங்கிப் பழகியவன், “இனிமே நெஜப் பாறைதான் மாமா” என்று சிவப்புப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். பைக்குள் கருவிகளோடு ரசீதும் இருந்தது. செஞ்சியில் கல்வெட்டுகள் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கின்றன. இந்த வெப்பத்தாள் ரசீது நாலு மாதத்தில் வெளுத்துவிட்டது. நல்லவேளையாகப் படியெடுத்து வைத்திருந்தேன். ஷூ 5,200, ஹார்னஸ் 3,400, ஹெல்மெட் 2,900, விழும்போது கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவியும் பூட்டுக் காரபைனரும் 2,800, சாக் பொடியும் பையும் 1,300, அறுபது மீட்டர் கயிறு 11,500, குயிக்டிரா பத்து, 12,000. ஆக மொத்தம் ரூபாய் 39,100.

ஷூவிலிருந்து தொடங்குவோம். 1982-ல் ஸ்பெயினின் போரியல் நிறுவனம் ஒட்டும் ரப்பர் அடிவைத்த ஷூவைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் பாறை ஏறுவோரின் பாதங்கள் அதற்கு அடிமையாயின. இதன் தனிச்சிறப்பு, காலுக்குப் பொருந்தாததைத் தேடி வாங்க வேண்டும் என்பது. பத்தாம் எண் காலுக்கு எட்டாம் எண் ஷூ. விரல்கள் மடங்கி ஒரே முனையாகக் குவிந்தால்தான் அரை அங்குல விளிம்பில் நிற்க முடியுமாம். சின்னதாகிப்போன செருப்பைத் தம்பிக்குக் கொடுக்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். சின்னதாக இருப்பதற்காகவே ஐயாயிரம் கொடுப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? ‘புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கு அவ்வளவு இறுக்கம் வேண்டாம், வலித்தால் ஏற மனம் வராது’ என்று அனுபவஸ்தர்கள் சொல்வது உண்டு. ஆனால் அக்கா மகன் அனுபவஸ்தர்களைப் பார்த்து வாங்கவில்லை, படங்களைப் பார்த்து வாங்கினான்.

ஹார்னஸுக்குத் தமிழில் சேணம். தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில் இந்தச் சொல்லை அலட்சியமாகக் கையாள முடியாது. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட அந்த இளைஞனுக்குக் கதையில் ஒரு குதிரை உண்டு. அந்தக் குதிரைக்குப் பிறகு செஞ்சி மண்ணில் சேணம் பூட்டிக்கொண்டு மார்தட்டிய முதல் உயிர் என் அக்கா மகன் என்பது இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு.

கயிற்றைக் கோக்கும் கொக்கியான காரபைனர் பற்றி ஓர் எச்சரிக்கை. உண்மையான காரபைனரின் உடம்பில் எழுத்துப் பொறித்திருக்கும்: நீளவாக்கில் பெரும்பாலும் 20 கிலோ நியூட்டனுக்குக் குறையாமல், அதாவது ஏறக்குறைய இரண்டு டன் இழுவையைத் தாங்கும் என்று. கடைத்தெருவில் இருபது ரூபாய்க்குச் சாவிக்கொத்து மாட்ட விற்கும் வளையமும் அச்சு அசலாக இதே உருவம்தான். சாவியை மட்டும் தாங்கும். உருவத்தைக் கண்டு உவமை கொள்ளற்க.

சாக் பொடியில்தான் ஆய்வாளனின் தமிழ்ப்பற்று பொங்கியது. கை வியர்வையை உறிஞ்சப் பூசிக்கொள்ளும் அந்த வெள்ளைப் பொடி மக்னீசியம் கார்பனேட். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்களின் வழக்கம் அது. 1950-களில் அமெரிக்கர் ஜான் கில் பாறைக்குக் கொண்டுவந்தார். சரி, மக்னீசியம் கார்பனேட் இயற்கையில் கிடைப்பது மேக்னசைட் கல்லாக. மேக்னசைட்டுக்குப் பேர்போன இடம்? சேலம்! ஊருக்கு வெளியே வெள்ளைக்கல் சுரங்கம் என்று நாம் சொல்வதை வெள்ளைக்காரர்கள் ‘சாக் ஹில்ஸ்’ என்றே எழுதி வைத்தார்கள். மலைமலையாய் நம்மிடம் சாக் இருக்க, அதைச் சின்ன டப்பாவில் அடைத்து வெளிநாட்டுப் பெயர் ஒட்டி விற்பதை வாங்கி, பாறையில் ஏறி, அதில் பாதியைக் காற்றில் ஊதிவிட்டு வருகிறோம். சேலத்துக் கல்லை அப்படியே இடித்துப் பூசிக்கொள்ளலாமா எனின், அற்றன்று. அதைத் தூய்மைப்படுத்தி மென்மையாக்கும் வேலை இருக்கிறது. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

கயிற்றுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், கேலியையும் சற்று ஓரம் வைக்க வேண்டும். கயிறு பிடித்து ஏறுவதற்காக என்று நினைப்பது பொதுப்பிழை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஏறுவது கையும் காலும். கயிறு விழுவதற்கு. கிணற்றுக் கயிறு, தாம்புக்கயிறு, தேர்வடம் எல்லாம் நீளாதவரை நல்ல கயிறு. இந்தக் கயிறு நீண்டால்தான் நல்ல கயிறு. விழுகிறவனின் வேகத்தை ரப்பர் மாதிரி இழுபட்டு வாங்கிக்கொள்ளும். சோதனைச்சாலையில் வைக்கும் கடும் விழுதலில் 40 சதவீதம் வரை நீளலாம் என்பது சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் விதி. நீளாத கயிற்றில் அதே உயரத்திலிருந்து விழுந்தால் கயிறு அறாது, இடுப்பு அறும். உள்ளே நைலான் இழைக்கட்டு, வெளியே பின்னிய உறை என்ற இந்த அமைப்பை 1953-ல் ஜெர்மனியின் எடல்ரிட் நிறுவனம் கண்டுபிடித்தது. அதற்கு முன் சணல் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறியவர்களுக்கு ஒரே ஒரு விதிதான்: விழாதே. ஆகவே 11,500 என்பது ஏறுவதற்கான செலவு அன்று, வீடு திரும்புவதற்கான செலவு. இதைச் சொன்னபோது அக்கா, “ஏறாம இருந்தா அதுவும் மிச்சம்தானே?” என்றாள். மறுக்க ஆதாரம் இல்லை.

வரலாற்றுத் தரவுகளும் இங்கே துணைநிற்கின்றன. செஞ்சிமேல் ஏற அதிகம் செலவழித்தவர் ஔரங்கசீப். அவருடைய தளபதி சுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கி, பீரங்கி, யானை, காலாட்படை என்று கடையையே வாங்கி வந்து அடிவாரத்தில் பரப்பி, 1698-ல்தான் மேலே போனார். போய்ப் பார்த்தால் மராட்டிய மன்னர் ராஜாராம் நழுவியிருந்தார். முதல்முறை ஏறுகிறவன் எல்லாக் கருவியையும் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை. மாறாக, பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1750 செப்டம்பரில் ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார். எட்டாண்டு எங்கே, ஓரிரவு எங்கே! கருவிச் செலவும் உச்சியடையும் வேகமும் தலைகீழ் விகிதம் என்ற என் கருதுகோள் அங்கேயே பாதி நிறுவப்பட்டுவிட்டது.

மராட்டியருக்கு இன்னும் மலிவான முறை தெரியும் என்று ஒரு கதை உண்டு. 1670-ல் சிங்ககட் கோட்டையில் தானாஜி மாலுசரே உடும்பின் இடுப்பில் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் விட்டு, அது கவ்விக்கொண்டதும் கயிற்றைப் பிடித்து ஆட்கள் ஏறினார்களாம். வரலாற்றாசிரியர்கள் தலையசைக்க மாட்டார்கள்; ஆனால் உடும்புப்பிடி என்று ஒரு சொல்லை வைத்திருக்கும் நமக்கு நம்பக் கஷ்டமில்லை. சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677-ல். உடும்பைக் கூட்டிவந்தாரா என்பதற்குக் குறிப்பு இல்லை. இன்று அந்த முறையைப் பின்பற்ற நினைப்போர் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் பார்க்கவும். மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. அதற்குக் கயிறே மலிவு.

களப்பணி. கோட்டைப் பாறையில் கருவியோடு கை வைக்க எங்களுக்குத் துணிவில்லை. அது 1958-ம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின் காவலில் உள்ள சின்னம். 2025 ஜூலையில் மராட்டியர் காலத்துப் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அங்கே ஆணி அடித்தால் செலவு வேறு வகையில் வரும். ஆகவே ஊருக்கு வெளியே, புளியமரத்துக்குப் பின்னால் இருந்த ஒரு குண்டுப்பாறையைத் தேர்ந்தோம். உயரம் 22 அடி. அதன் முன் நின்றபோதுதான் அக்கா மகனுக்கு ஓர் உண்மை உறைத்தது. குயிக்டிரா என்பது பாறையில் ஏற்கெனவே அடித்திருக்கும் போல்ட்டில் மாட்டுவதற்கு. பாதாமியின் மணற்பாறையில் அப்படி வரிசையாக போல்ட் உண்டு. எங்கள் குண்டுப்பாறை மொழுக்கென்று பிள்ளையார் வயிறு மாதிரி இருந்தது. பன்னிரண்டாயிரம் ரூபாய்க் குயிக்டிராக்கள் அவன் இடுப்பில் சலங்கை மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. இவ்வளவு குட்டைப் பாறைக்கு வேண்டியது கீழே விரிக்கும் தடித்த மெத்தை. அதை மட்டும் அவன் வாங்கவில்லை. அக்கா வீட்டு இலவம்பஞ்சு மெத்தையை இருவரும் சேர்ந்து தூக்கிவந்தோம். வாய்மொழித் தேர்வில் நான் தோற்ற காரணம் இதுவே.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் கோலை ஊன்றி நின்று, ஹெல்மெட்டையும் கயிற்றையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, கெணறு தூர் வார்றீங்களா?”

“இல்ல ஆயா, பாறை ஏறுறோம்.”

“ஏறி?”

“எறங்கிடுவோம்.”

“இதுக்கெல்லாம் எவ்ளோ ஆச்சி?”

சொன்னான். ஆயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நாலு ஆடு வாங்கியிருக்கலாம். அதுங்க நல்லா ஏறும்” என்றார்.

பேச்சு முடியுமுன் ஒரு வெள்ளாடு பாறையின் பின்சரிவில் ஓடி உச்சிக்குப் போய், எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டே அசைபோட ஆரம்பித்தது. அக்கா மகன் கையில் பொடி பூசி, விரல் மடங்கிய காலை ஒரு பிளவில் வைத்து, ஆறடி ஏறி, மெத்தையில் விழுந்தான். ஏழாவது முறை உச்சியைத் தொட்டான். ஆடு நகரவில்லை. 39,100-ஐ 22-ஆல் வகுத்தால் அடிக்கு 1,777 ரூபாய். ராஜகிரிக்கு நுழைவுச்சீட்டு 25 ரூபாய், அடிக்கு மூன்று பைசா, உச்சியில் உள்ள அரங்கநாதர் கோயில் உட்பட.

ஆயா சொன்னதில் வரலாறும் இருந்தது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். செஞ்சிக் கோட்டைக்கு அடித்தளமிட்டவன் ஆனந்தக் கோன் என்பர். ஆடு மேய்க்கப் போன இடத்தில் மலைக்குகையில் புதையல் கண்டெடுத்தான், அதை வைத்துக் கோட்டை எழுப்பினான், இது 1200-ஐ ஒட்டிய காலம் என்பது கதை. அப்படியானால் செஞ்சிப் பாறையில் ஏறி லாபம் பார்த்தவன் இன்றுவரை அவன் ஒருவனே. கருவி: ஒரு கோல்.

விழுப்புரம் மாவட்டத்துப் பனையேறிகளையும் கேட்டுப் பார்க்கலாம். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள், அவ்வளவுதான். நாரும் அதே மரத்தின் மட்டையிலிருந்து உரித்தது. ஏறும் மரமே ஏறும் கருவியைத் தருகிறது. ஆனால் விழுந்த பனையேறியின் வீட்டில் இந்தச் சிக்கனத்தைப் புகழ்ந்து பேச எனக்கு நா எழாது. ஆதலின் தீர்ப்பு இது: தொடங்குகிறவர் ஷூ, ஹெல்மெட், ஹார்னஸ் மூன்றோடு நிறுத்துக, கயிறும் மற்றவையும் உள்ள ஒரு நல்ல துணையைத் தேடுக. எந்தப் பாறையில் ஏறப்போகிறோம் என்று தெரிந்தபின் மீதியை வாங்குக. இரண்டாம் கையாக ஷூ வாங்கலாம். கயிறும் ஹார்னஸும் கூடாது.

கடைசி விதிக்குக் காரணமும் வீட்டிலேயே இருக்கிறது. அக்கா மகன் பெங்களூரு திரும்பியபின், மெத்தைக்குப் பழிவாங்கலாக அக்கா அந்தக் கயிற்றை மொட்டை மாடியில் துணி காயக் கட்டிவிட்டாள். நான்கு ஈரப் புடவையைப் போட்டதும் கயிறு தன் தர்மப்படி நீண்டு புடவைகளைத் தரையில் இறக்கியது. “பதினோராயிரம் ரூபாக் கயிறு ஒரு பொடவ தாங்கல” என்று தெருவெல்லாம் சொல்லி வருகிறாள். வெயில் தின்ற நைலான். இனி அதில் துணியைத் தவிர எதையும் தொங்கவிடக் கூடாது.

வாசகர்கள் கவனத்துக்கு: எட்டாம் எண் பாறையேற்ற ஷூ ஒரு ஜோடி, இரண்டே முறை போட்டது, கைவசம் உள்ளது. பத்தாம் எண் கால் உள்ளவர்கள் மட்டும் வரவும். கயிறு விற்பனைக்கு இல்லை.