ஹெர் முட்டையாவின் விடைத்தாள்

கோட்டிங்கன்,
ஜெர்மனி.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

கதிரவன் எழுதிக்கொள்வது. பெரியம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

உங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றாலும் கேள்வித்தாள் தயாரிப்பதிலிருந்து நீங்கள் ஓய்வு பெறவில்லை என்று தெரிகிறது. நான்கு கேள்விகள், கீழே 'அனைத்திற்கும் விடையளிக்கவும்' என்று ஒரு குறிப்பு. சாய்ஸ் விடவில்லை. எனவே வரிசைப்படியே எழுதுகிறேன்.

கேள்வி 1: 'கவரில் உன் பெயரைப் போடாமல் உன் அப்பன் பெயரைப் போடச் சொல்கிறாயே, கடிதம் உனக்கா, அவனுக்கா?'

இங்கே கட்டடத்துக்குத்தான் கதவு எண். உள்ளே எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதெல்லாம் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டியிருக்கும் பெயரை வைத்துத்தான். அந்தப் பெயர் குடும்பப் பெயராக இருக்க வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என்னோடு படிக்கும் ஆந்திராக்காரனுக்கு வீட்டுப் பெயர் இருக்கிறது. குஜராத்திக்காரன் 'பட்டேல்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். நாம் மட்டும் ஓர் எழுத்தையும் ஒரு புள்ளியையும் வைத்துக்கொண்டு விழிக்கிறோம். பாஸ்போர்ட் எடுக்கும்போது 'சர்நேம்' கட்டம் காலியாக இருந்தால் வெளிநாட்டில் தொல்லை என்று ஏஜென்ட் சொன்னாரே, அதில் அப்பா பெயரை எழுதினோமே, அன்றைக்கே கதிரவனுக்கு அஸ்தமனம் ஆகிவிட்டது.

'மு.' என்ற ஒற்றை எழுத்துக்குள் அடங்கிக் கிடந்த அப்பா, ஃபிராங்க்பர்ட்டில் விமானம் இறங்கியதும் விசுவரூபம் எடுத்துவிட்டார். வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை, நூலக அட்டை எல்லாவற்றிலும் அவர்தான். வீட்டுக்கார அம்மாள் என்னை 'ஹெர் முத்தையா' என்றுதான் கூப்பிடுகிறார். ஹெர் என்றால் திரு. ஆனால் இவர்கள் நாக்கில் நம் 'த' நிற்பதில்லை. அதனால் மாடிப்படியில் தினமும் என் காதில் விழுவது 'ஹெர் முட்டையா!'

இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. இங்கே 'டாக்டர்' என்பதைக் குடும்பப் பெயரோடுதான் சேர்ப்பார்கள். நான் மண்டையை உடைத்துக்கொண்டு கணிதத்தில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினால், ஊரெல்லாம் சொல்லப்போவது 'டாக்டர் முத்தையா' என்று. எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டு உங்கள் கையால் குட்டு வாங்கிய உங்கள் தம்பி, ஜெர்மனியில் கணித டாக்டர்! தயவுசெய்து இதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். மளிகைக் கடை போர்டை மறுநாளே மாற்றி எழுதிவிடுவார்.

கேள்வி 2: 'டாக்டர் பட்டம் எப்போது கிடைக்கும்? தங்கை கல்யாணப் பத்திரிகையில் போட வேண்டும்.'

பத்திரிகை அடிக்க அவசரம் என்றால் எம்.எஸ்சி. மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஆய்வேட்டைக் கொடுத்து, பேராசிரியர்கள் முன்னால் வாய்மொழித் தேர்வில் தேறினாலும் அன்றைக்கே டாக்டர் ஆகிவிட முடியாது. ஆய்வேட்டை முறைப்படி வெளியிட்டு, சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன் போட்டால் தப்பு. தப்பு என்றால் உறவுக்காரர்கள் சிரிக்கிற தப்பு இல்லை. குற்றவியல் சட்டத்தில் 132அ என்று ஒரு பிரிவே இருக்கிறது. உரிமையில்லாத பட்டத்தைப் போட்டுக்கொண்டால் ஓராண்டு வரை சிறை, இல்லையென்றால் அபராதம். அந்தச் சட்டம் நம் ஊருக்கு வந்தால் ஒரு முகூர்த்த நாளில் எத்தனை மண்டபத்துக்குப் போலீஸ் வேன் அனுப்ப வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

முறையாக வாங்கியவருக்கு மரியாதை நிறைய. பாஸ்போர்ட்டிலும் அடையாள அட்டையிலும் 'டாக்டர்' என்று அச்சடித்துத் தருகிறார்கள். மந்திரியானாலும் இதில் சலுகை கிடையாது. பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டன்பெர்க், ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக மற்றவர்கள் எழுதியதை எடுத்தாண்டிருந்தது வெளியே வந்து, 2011இல் பட்டமும் போய், பதவியும் போனது. அந்தப் பரபரப்பின்போது வெட்கப்படுவதாகச் சொன்னவர் கல்வி அமைச்சர் அனெட்டே ஷவான். 2013இல் அவருடைய டாக்டர் பட்டத்தையே பல்கலைக்கழகம் ரத்து செய்தது. சில நாளில் அவரும் ராஜினாமா.

வாய்மொழித் தேர்வில் தேறியதும் நடக்கும் கூத்து தனி. இந்த ஊர்ப் பழைய நகர மன்றத்துக்கு முன்னால் ஒரு நீரூற்று. அதன் மேல் வாத்து மேய்க்கும் பெண்ணின் வெண்கலச் சிலை, 1901இல் வைத்தது. தேர்வில் தேறியவர் அதன் மேல் ஏறி, பூங்கொத்து வைத்து, சிலைக்கு முத்தம் கொடுக்க வேண்டும். 1926இல் நகர நிர்வாகம் இதற்குத் தடையே போட்டது. யார் கேட்டார்கள்? அசல் சிலையை இப்போது அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டு, நகலை நிறுத்தியிருக்கிறார்கள். முத்தம் மட்டும் அசல்.

போன மாதம் எங்கள் துறையில் ஈரான் நாட்டுப் பெண் ஒருத்தி தேறினாள். அட்டையில் தொப்பி செய்து, அதன் மேல் அவள் குடித்துத் தீர்த்த தேநீர்ப் பொட்டலங்களையும், அவளைப் பாடாய்ப் படுத்திய ஒரு சமன்பாட்டையும் ஒட்டி, தலையில் கவிழ்த்தார்கள். பலூன் கட்டிய தள்ளுவண்டியில் உட்காரவைத்துக் கடைவீதி வழியாக இழுத்துப் போனோம். அவள் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நீரூற்றின் மேல் ஏறினாள். டெஹ்ரானிலிருந்து அவள் அம்மா செல்போன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஏன் தொப்பியோடு சிலைக்கு முத்தம் கொடுக்கிறாள் என்று அவருக்குப் புரியவைக்க, கீழே நின்ற நாலு பேர் நாலு மொழியில் முயன்றோம். கடைசியில் அவரே 'சரி, பரீட்சை பாஸ்தானே?' என்று கேட்டு முடித்துவைத்தார். என் முறை வரும்போது பெரியம்மாவுக்கு வீடியோ போடமாட்டேன். கவலை வேண்டாம்.

கேள்வி 3: 'ஜெர்மன் மொழி சரளமாக வருகிறதா?'

இன்ஸ்டிடியூட்டுக்குள் எல்லாம் ஆங்கிலம். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு வாயைத் திறந்தால் 'சார்' என்றுதான் வருகிறது, அவரும் விட்டுவிட்டார். பட்டத்துக்கு இத்தனை சட்டம் வைத்திருக்கும் நாட்டில், பட்டம் வாங்கிய ஆட்கள் தங்களுக்குள் அதைச் சொல்லிக்கொள்வதே இல்லை. வாசலில் பெரிதாக 'டாக்டர்' போர்டு பார்த்தால் பெரும்பாலும் அது பல் வைத்தியர் வீடு.

இன்ஸ்டிடியூட் வாசலைத் தாண்டினால் நான் ஒன்றாம் வகுப்பு. ரொட்டிக் கடையில் விரலை நீட்டி 'அது' என்று சொல்லத்தான் தெரிகிறது. தொலைபேசி எண் எழுதிக்கொள்வது இன்னும் கஷ்டம். ஐம்பத்துநான்கு என்பதை இவர்கள் 'நாலும் ஐம்பதும்' என்று சொல்கிறார்கள். ஐந்தை எழுதுவதா, நாலை எழுதுவதா என்று நான் யோசிப்பதற்குள் எதிராளி எண் முழுவதையும் சொல்லிவிட்டு, நன்றி கூறி, போனை வைத்துவிடுகிறார். கணித மேதை காஸ் வாழ்ந்த ஊரில், எண் கணிதம் ஆராய்கிற எனக்கு இந்தக் கதி.

மாலையில் மொழி வகுப்புக்குப் போகிறேன். என் பெஞ்சில் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த எலும்பு முறிவு டாக்டர் ஒருவர், உக்ரைன் வக்கீல் அம்மாள் ஒருவர், பிரேசிலிலிருந்து வந்து கேக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி. ஒரு நாள் 'டாக்டரிடம் போதல்' என்று நடித்துக் காட்டச் சொன்னார் டீச்சர். உச்சரிப்பு நன்றாக இருந்ததால் கேக் கடைப் பெண்ணை டாக்டர் ஆக்கினார். நிஜ டாக்டர் நோயாளி. 'எனக்குக் கால் வலிக்கிறது' என்று அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். 'இந்த மாத்திரையைச் சாப்பிடுங்கள், மூன்று நாள் படுத்திருங்கள்' என்று அந்தப் பெண் படபடவென்று சொல்லிவிட்டாள். அவர் என் பக்கம் குனிந்து, 'முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா?' என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். டீச்சர் மேசையைத் தட்டினார். 'ஜெர்மனில் பேசுங்கள்!' ஜெர்மனில் சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு இல்லாத மாத்திரையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சிரிக்கிற விஷயம் இல்லை. இந்த நாட்டில் வேலை பார்க்கும் வெளிநாட்டு டாக்டர்களில் சிரியாக்காரர்கள்தான் அதிகம். பொதுவாக மருத்துவச் சங்கம் நடத்தும் மொழித் தேர்வில் தேறித்தான் ஆஸ்பத்திரிக்குள் போக முடியும். இருபது நிமிடம் நோயாளியிடம் விசாரிக்க வேண்டும். இருபது நிமிடம் அதை அறிக்கையாக எழுத வேண்டும். இருபது நிமிடம் இன்னொரு டாக்டரிடம் விளக்க வேண்டும். நம் அலெப்போ டாக்டர் அதற்குத்தான் படிக்கிறார். பட்டம் தானாகப் பேசாது, பெரியப்பா. அதற்காக நாம்தான் பேச வேண்டியிருக்கிறது.

கேள்வி 4: 'சர்வதேசப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து இருவர் வந்தார்கள். என் கல்விப் பணியைப் பாராட்டி கௌரவ டாக்டர் பட்டம் தருகிறார்களாம். பதிவுக் கட்டணம் 25,000 ரூபாய். ஜெர்மனியில் இது செல்லுமா?'

செல்லாது. அங்கேயும் செல்லாது. பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்பதை 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்திலேயே சொல்லியிருக்கிறது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யு.ஜி.சி. வெளியிடுகிறது. 2023இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக அரங்கத்திலேயே ஓர் அமைப்பு மேடை போட்டு, சினிமாப் பிரபலங்களுக்கெல்லாம் கௌரவ டாக்டர் கொடுத்தது. 'எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று பல்கலைக்கழகம் போலீசுக்குப் போனது. நீங்களே பேப்பரில் படித்திருப்பீர்கள்.

இங்கே 'அனபின்' என்று ஓர் அரசுத் தகவல் தளம் இருக்கிறது. உலகத்திலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு அதில் ப்ளஸ், மைனஸ் போட்டு வைத்திருக்கிறார்கள். கௌரவப் பட்டம் என்றால் 'ஹெச்.சி.' என்ற எழுத்துகளையும் கூடவே போட வேண்டும். காசு கொடுத்து வாங்கியதைப் போடவே கூடாது. முறையாகப் படித்து வாங்கியவர்களே மாட்டியிருக்கிறார்கள்: 2008இல், அமெரிக்காவில் பி.எச்.டி. வாங்கி இங்கே யேனா நகரில் வேலை பார்த்த விஞ்ஞானிகள் சிலர், பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டதற்காகப் போலீஸ் விசாரணையைச் சந்தித்தார்கள். விதியைத் தளர்த்தியது அதற்குப் பிறகுதான்.

பட்டமும் பதவியும்தான் பெருமை என்று நினைத்தால், எங்கள் துறையிலேயே வேலை பார்த்த எம்மி நோதர் கதையைக் கேளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணித மேதைகளில் ஒருவர். 1915இல் இங்கே கணிதப் பேராசிரியராக இருந்த ஹில்பர்ட் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். பெண் என்பதால் பாடம் நடத்தும் உரிமை தர மறுத்தார்கள். ஹில்பர்ட் பெயரில் அறிவிப்புப் போட்டு இவர் வகுப்பெடுத்தார். 1919இல்தான் உரிமை கிடைத்தது. 1922இல் பேராசிரியர் என்று பட்டம் கொடுத்தார்கள், சம்பளம் இல்லாமல்! நீங்கள் வாய்க்கு வாய் சொல்லும் ராமானுஜன் கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். கேம்பிரிட்ஜ் 1916இல் அவருக்குக் கொடுத்தது பி.ஏ. அவரை அங்கே வரவழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டி கடைசி வரை பி.எச்.டி. வாங்கவே இல்லை. இவர்கள் யாரும் பதிவுக் கட்டணம் கட்டவில்லை.

நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. இப்போது தெருமுனை டீக்கடை வரை உங்களை 'ஹெச்.எம். சார்' என்கிறார்கள். வாசலில் 'டாக்டர்' என்று போர்டு மாட்டினால் விடிகாலையிலேயே காய்ச்சல்காரர்கள் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் பூஜையில் இருப்பீர்கள். பெரியம்மாதான் வந்தவர்களுக்கெல்லாம் நிலவேம்புக் கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், அந்த முழங்காலோடு.

அந்த இருவரும் மறுபடி வந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். காபி கொடுங்கள். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொடுத்து, அவர்கள் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதச் சொல்லுங்கள். சரியாக எழுதினால் எனக்கு அனுப்புங்கள். அனபினில் தேடிச் சொல்கிறேன். தப்பாக எழுதினால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூறு தடவை எழுதி முடிக்கும்வரை வெளியே விடாதீர்கள்.



இப்படிக்கு,
மு. கதிரவன்